பாராமல் சொல்லுதல்: சுன்னாகத்துக் கல்வி மரபும் நினைவுகூர்தல் ஆய்வுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சந்தை. தமிழ்க் கல்வி வரலாறு அறிந்தவர்களுக்கு அது புலவர்களின் ஊர். சிவராத்திரிப் புராணம் பாடிய வரத பண்டிதர், இலக்கணப் புலமைக்குப் பெயர்பெற்ற முருகேச பண்டிதர், அவரிடம் பயின்று பின்னர் 'தமிழ்ப் புலவர் சரித்திரம்' எழுதிய அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) ஆகியோர் இவ்வூரவர்கள். 1894இல் ஸ்கந்தவரோதயாக் கல்லூரி இங்கே தோன்றியது. தி. சதாசிவ ஐயரின் முயற்சியால் 1921இல் உருவான ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம், பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என மூன்று படிகளில் பரீட்சைகளை நடத்தியது. சுன்னாகம் பிராசீன பாடசாலையில் குமாரசுவாமிப் புலவரின் மாணவர் சி. கணேசையர் கற்பித்தார். அவருடைய குறிப்புகளோடு தொல்காப்பியம் 1937 முதல் நா. பொன்னையாவின் முயற்சியில் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் பகுதி பகுதியாக அச்சேறியது.

இத்தனை புலமைக்கும் அடியில் இருந்தது நினைவு. ஏடுகள் அருமையாகவும் அச்சு நூல்கள் புதிதாகவும் இருந்த காலத்தில், கற்றவர் தம் நூல்களை நெஞ்சிலேயே சுமந்தார்கள். அந்த மரபை இன்று நாம் இரண்டு விதமாகப் பார்க்கிறோம். மனனம் என்றாலே கிளிப்பிள்ளைப் படிப்பு என்று ஒதுக்குவோர் ஒரு பக்கம். பரீட்சை வரும்போது அதே பிள்ளையை விடிய நான்கு மணிக்கு எழுப்பி, குறிப்புக் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்போர் இன்னொரு பக்கம். பெரும்பாலான வீடுகளில் இருவரும் ஒருவரே.

பாடமாக்கல் என்று நாம் சொல்லும் பழக்கத்துக்குள் இரண்டு வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பார்த்துப் பார்த்து வாசிப்பது. மற்றது, நூலை மூடிவிட்டுப் பாராமல் சொல்வது. கற்றலை நிலைக்கச் செய்வதில் இரண்டாவதன் பங்கு பெரிது என்பதை நூறு ஆண்டுகளுக்கு மேலான உளவியல் சோதனைகள் காட்டுகின்றன. பழைய ஆசிரியர்கள் அதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். நம் இன்றைய பாடசாலைகளில் குறைந்துபோயிருப்பதும் அதுவே.

மரபு வைத்திருந்த கருவிகள்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணவன் எப்படிக் கற்கவேண்டும் என்பதைத் தனியே வகுத்துச் சொல்கிறது. பாடத்தைப் போற்றுவது, கேட்டவற்றை மீண்டும் எண்ணிப் பார்ப்பது, ஐயங்களை வினவுவது, தன்னிடம் வினவியவற்றுக்கு விடை சொல்வது ஆகியவை அந்த வரிசையில் வருகின்றன. தொடர்ந்து ஒரு கணக்கும் வருகிறது. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால்பங்கு. உடன் கற்பவர்களோடு பயில்வதால் இன்னொரு கால்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இந்தப் பின்னங்கள் எந்தச் சோதனையிலும் அளக்கப்பட்டவை அல்ல. ஆனாலும் கேட்பதற்குக் கொடுத்த இடத்தைப் போல் இருமடங்கை எடுத்துச் சொல்வதற்குக் கொடுத்த பார்வை கவனிக்கத்தக்கது.

நன்னூல் விருத்தியுரையை 1851இல் அச்சிட்டு வெளியிட்டவர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பிள்ளைகளுக்கென்று எழுதிய நூல்களில் இந்த நெறியைக் கருவியாகவே மாற்றினார். அவருடைய 'இலக்கணச் சுருக்க'த்தில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தேர்வு வினாக்கள் உள்ளன. அந்த இடத்தில் விடைகள் இல்லை. மாணவன் தான் கற்றதிலிருந்து விடையைத் தேடி எடுத்தாக வேண்டும். 'சைவ வினாவிடை'யோ வினாவையும் விடையையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தருகிறது. இதை வினாவும் விடையுமாக வாசித்துக்கொண்டே போகும் பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்று; தாயோ ஆசிரியரோ நூலைக் கையில் வைத்துக்கொண்டு வினாவை மட்டும் கேட்க, விடையைத் தானே சொல்லும் பிள்ளைக்குக் கிடைப்பது வேறொன்று. நூல் ஒன்றாக இருந்தும் பயன் இரண்டாகிறது.

ஏழாலையில் சி. வை. தாமோதரம்பிள்ளை நிறுவிய பாடசாலையிலும், பின்னர் நாவலரின் வண்ணார்பண்ணைப் பாடசாலையிலும் ஆசிரியராக இருந்தவர் குமாரசுவாமிப் புலவர். ஆகவே சுன்னாகத்துப் புலமையும் இந்த வினா மரபும் ஒரே கல்விச் சூழலில் வளர்ந்தவை.

புலவரைவிட ஓராண்டு இளையவரான உ. வே. சாமிநாதையர், தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தாம் படித்த நாட்களைத் தம் வரலாற்றில் விவரிக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது பூ, பறவை, ஊர் என ஏதேனும் ஒன்றின் பெயரை உபாத்தியாயர் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவார். மறுநாள் பிள்ளை அதை மறவாமல் சொல்லவேண்டும். ஓர் இரவு இடைவெளி விட்டு, எந்தத் துணையுமில்லாமல், நினைவிலிருந்து எடுத்தல். இன்றைய உளவியலாளர் ஒருவர் ஆய்வுகூடத்தில் அமைக்கும் சோதனைக்கும் இதற்கும் வடிவில் அதிக வேறுபாடில்லை.

சோதனைகள் காட்டியவை

மறதியை முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மனியரான ஹெர்மன் எபிங்காஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று கணக்கிட்டு 1885இல் வெளியிட்டார். கற்ற முதல் சில மணி நேரத்தில் மறதி செங்குத்தாக இறங்கும், பின்னர் மெல்ல மெல்லத் தணியும் என்பது அவர் கண்டது.

1917இல் அமெரிக்கரான ஆர்தர் கேட்ஸ் பள்ளிப் பிள்ளைகளிடமே போனார். சிறு வாழ்க்கைக் குறிப்புகளைக் கொடுத்து, படிக்கும் நேரத்தில் எவ்வளவு பகுதியை வாசிப்புக்கும் எவ்வளவு பகுதியைப் பாராமல் சொல்லிப் பார்ப்பதற்கும் செலவிடலாம் என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தார். நேரத்தில் பாதிக்கு மேல் சொல்லிப் பார்ப்பதில் கழித்த பிள்ளைகளே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள்.

1939இல் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்பு மாணவர் 3,605 பேர் நிலக்கடலை, மூங்கில் பற்றிய சிறு கட்டுரைகளை வாசித்தார்கள். சிலரிடம் உடனேயும், சிலரிடம் நாட்கள் கழித்தும், சிலரிடம் வாரங்கள் கழித்தும் முதல் சோதனை நடத்தப்பட்டது. வாசித்த சூட்டோடு ஒருமுறை கேட்கப்பட்ட பிள்ளைகளின் அறிவு வாரக்கணக்கில் நிலைத்தது. இரண்டு மூன்று வாரங்கள் கேட்காமலே விடப்பட்டவர்களிடம், கேட்டுக் காப்பாற்றுவதற்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. நினைவூட்டும் வினா எப்போது வருகிறது என்பது அது வருகிறதா என்பதற்கு நிகராக முக்கியம் என்ற பாடம் இதில் இருந்தது. கல்வித்துறை அதை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் செய்த சோதனை இத்துறைக்குப் புத்துயிர் தந்தது. பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு குழு ஓர் அறிவியல் பகுதியை நான்கு படிப்பு வேளைகளிலும் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு முதல் வேளையில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 வீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 71 வீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழிந்ததும் கணக்குத் தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 வீதம் நின்றது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 வீதம் நின்றது. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்த குழுவினர் என்பதே இதில் முக்கியமான செய்தி.

இந்த மயக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பரீட்சைக்கு முதல் நாள் இரவு கொப்பியைப் புரட்டும் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் தெரிந்த முகமாக இருக்கிறது. தெரிந்ததுபோல் இருப்பதைத் தெரிந்ததாகவே அது எடுத்துக்கொள்கிறது. வினாத்தாள் கைக்கு வந்ததும், 'படிச்சனான், ஆனால் வருகுதில்லை' என்று தவிக்கிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அது பழகியது பார்த்து அடையாளம் காண்பதற்கு. பரீட்சை கேட்டது எடுத்துத் தருவதற்கு.

ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் இந்த முடிவு நிலைக்கிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் சமூகக் கல்வி, அறிவியல் வகுப்புகளில் சில விடயங்களை ஆசிரியர்கள் குறுவினாக்களாகக் கேட்டார்கள். வேறு சிலவற்றை மீண்டும் வாசிக்க மட்டும் காட்டினார்கள். மற்றவற்றைக் கற்பித்ததோடு விட்டுவிட்டார்கள். கேட்கப்பட்டவை அலகுப் பரீட்சையிலும் மாதங்கள் கழிந்த பரீட்சையிலும் தெளிவாக மேலோங்கி நின்றன. பூஜா அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வகுப்பறைகளில் நடந்த 50 சோதனைகளை, மொத்தம் 5,374 மாணவர்களின் பெறுபேறுகளை ஆராய்ந்தது. கிடைத்த விளைவுகளில் பாதிக்கு மேற்பட்டவை நடுத்தர அளவுக்கோ அதற்கு மேலாகவோ இருந்தன.

ஏன் பயன் தருகிறது

நினைவிலிருந்து எடுப்பதை, உள்ளே இருப்பதை அளந்து பார்ப்பது என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். உண்மையில் எடுக்கும் செயலே உள்ளே இருப்பதை மாற்றுகிறது. விடையைத் தேடும்போது அதைச் சூழ்ந்த தொடர்புகளும் விழிக்கின்றன. அடுத்த முறை அதை அடைய வழிகள் கூடுகின்றன. இறைக்கிற கிணறு ஊறும் என்பது வலிகாமத்துத் தோட்டக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதில் முயற்சிக்குப் பெரிய பங்குண்டு. எளிதில் வரும் விடையைவிடச் சற்றுப் போராடி வந்த விடை ஆழமாக நிற்கிறது. படித்த அரை நிமிடத்தில் கேட்டால் போராட்டமே இல்லை, பயனும் குறைவு. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எடுப்பதற்கே எதுவும் இல்லாமல் போகலாம். இடைவெளி பற்றி நிக்கோலஸ் செப்பெடாவும் உடன் ஆய்வாளர்களும் 1,354 பேரிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவு ஒரு பொது அளவைத் தருகிறது. ஒரு வாரம் நினைவிருந்தால் போதும் என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டு மீட்டுவது நல்லது. ஓராண்டு நிலைக்கவேண்டும் என்றால் இடைவெளி சில வாரங்களாக விரியவேண்டும்.

இன்னொரு பயன் ஆசிரியருக்குரியது. பாராமல் சொல்லும்போதுதான் எது தெரியவில்லை என்பது பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஒரே நேரத்தில் வெளிச்சமாகிறது. விளங்கியதா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டு, கூட்டாக வரும் 'ஓம்' என்ற விடையில் இந்த வெளிச்சம் கிடைப்பதில்லை.

ஒன்றை மிகைப்படுத்தக் கூடாது. நினைவுகூரும் பயிற்சி, பயின்ற பொருளை வலுப்படுத்தும். பொதுவான நினைவாற்றலையே பெருக்கிவிடாது. 1890இல் வெளியான தம் உளவியல் நூலுக்காக வில்லியம் ஜேம்ஸ் தம்மிடமே இதைச் சோதித்தார். விக்டர் ஹியூகோவின் கவிதை வரிகளை மனனம் செய்து எடுத்த நேரத்தைக் குறித்தார். பிறகு மில்டனின் காவியத்தில் ஒரு மாதத்துக்கு மேல் மனனப் பயிற்சி செய்துவிட்டு மீண்டும் ஹியூகோவுக்கு வந்தபோது, வேகம் கூடவில்லை. ஆகவே பூப்பெயர் சொல்லி வந்த திண்ணைப் பிள்ளைக்குப் பூப்பெயர் நின்றிருக்கும், கணக்கு வந்துவிடாது. எது நிலைக்கவேண்டுமோ அதையேதான் கேட்கவேண்டும்.

மரபு தவறிய இடங்கள்

பழையதெல்லாம் பொன் என்று சொல்வதற்கு இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை. வகுப்பு முழுதும் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும்போது, தெரிந்த நான்கு பேரின் குரலில் தெரியாத இருபது பேர் ஏறிக்கொள்ளலாம். வரிசையாக மட்டும் பழகிய பிள்ளையிடம் ஏழெட்டு எத்தனை என்று திடீரென்று கேட்டால், ஓரேழு ஏழில் தொடங்கி வாய்க்குள் முணுமுணுத்து ஐம்பத்தாறுக்கு வந்து சேர்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரு பாட்டு. வரிசையைக் கலைத்துக் கேட்டால்தான் பெருக்கல் தனித்தனி அறிவாகிறது.

நிகண்டு போன்ற செய்யுள் நூல்களுக்கும் இந்த வலிமையும் மெலிவும் ஒன்றாகவே உண்டு. சூடாமணி நிகண்டின் பதினொராம் தொகுதி சொற்களை எதுகைப்படி அடுக்கியிருப்பது நினைவுக்கு ஒரு கைப்பிடி. ஆனால் கைப்பிடி இல்லாமல் எடுக்கப் பழகாதவருக்குச் சொல் வேண்டிய இடத்தில் உதவாது. பொருள் விளங்காமல் ஒப்பித்ததை எத்தனை முறை மீட்டாலும் விளக்கம் தானாக வந்து சேர்வதில்லை. விளங்கிக் கற்பது முதலில். மீட்டிப் பார்ப்பது அடுத்து. பிரம்பின் அச்சத்தில் சொன்ன விடை, பாடத்தோடு வெறுப்பையும் சேர்த்தே பதித்தது.

இன்றைய நிலை

இன்று குடாநாட்டுப் பிள்ளைகளுக்குப் பரீட்சைகள் குறைவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம், இவற்றுக்கு நடுவே தவணைப் பரீட்சைகள், ரியூசன் வகுப்புகளின் மாதிரி வினாத்தாள்கள். எல்லாம் வினாக்கள்தானே, இதைவிட என்ன நினைவுகூர்தல் வேண்டும் என்று கேட்கலாம்.

குறை எண்ணிக்கையில் இல்லை. தவணையின் தொடக்கத்தில் கற்பித்த பாடம் தவணை முடிவில்தான் முதன்முதலாக வினாவாக வருகிறதென்றால், ஸ்பிட்சரின் சோதனையில் பல வாரம் கேட்கப்படாமல் விடப்பட்ட பிள்ளைகளின் நிலையே நம் பிள்ளைகளுக்கும். புள்ளியும் வகுப்பு நிலையும் அறிவித்து முடிந்ததும் விடைத்தாள் மேசைக்குள் போய்விடுகிறது. பிழைத்த வினா மறுபடி கேட்கப்படுவதில்லை. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளை, பல்தேர்வு வினாவுக்கு விடை மூன்றாவது என்று இலக்கத்தை நினைவில் வைத்துவிடுகிறது. பல்தேர்வு வினாவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பிழையைத் தெரிவுசெய்த பிள்ளைக்குச் சரியான விடை சொல்லப்படாவிட்டால், அந்தப் பிழையே பிற்பாடு அறிவாக நின்றுவிடலாம்; ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

பரீட்சை என்றால் நடுங்கும் பிள்ளைகளுக்கு மேலும் வினாக்களா என்ற கவலை நியாயமானது. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையான அமெரிக்க மாணவர் 1,408 பேரிடம் அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் அடிக்கடி நினைவுகூரப் பழகியதால் பரீட்சைப் பதற்றம் குறைந்ததாக 72 வீதத்தினர் சொன்னார்கள். அந்தக் குறுவினாக்களின் முடிவு பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிக்கவில்லை. நடுங்க வைப்பது வினா அன்று. வினாவோடு கட்டிவிட்ட புள்ளியும் ஒப்பீடும்தான்.

வகுப்பிலும் வீட்டிலும்

பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தை மூன்று வினாக்களுக்கு ஒதுக்கலாம்: நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. கை உயர்த்தும் ஒருவர் மட்டும் சொன்னால் மற்றவர்கள் நினைவைத் தொடாமலே தப்பிவிடுவார்கள். எல்லோரும் கொப்பியில் எழுதவேண்டும். பிறகு ஆசிரியர் விடையைச் சொல்ல, அவரவரே திருத்தவேண்டும். புள்ளி வேண்டாம். வினாக்கள் பெயரையும் ஆண்டையும் மட்டும் கேட்காமல் காரணத்தையும் கேட்கலாம். வலிகாமத்தின் அடியில் உள்ள பாறை எது என்பது ஒரு வினா. அந்தச் சுண்ணக்கல்லில் மழைநீர் எப்படித் தங்குகிறது, மேலே கொட்டும் கழிவு ஏன் விரைவில் கிணற்றை அடைகிறது என்பது அடுத்த வினா. முதலாவதை மீட்டியவரால்தான் இரண்டாவதைச் சிந்திக்க முடியும்.

சிறு வகுப்புகளில் இன்னும் பக்குவம் வேண்டும். கார்பிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாசித்ததை நினைவிலிருந்து எழுதுங்கள் என்று வெறுமனே சொன்னபோது, மிகச் சிறிதளவே எழுத முடிந்தது. பாதி நிரப்பிய வரைபடம் போன்ற துணை கொடுத்தபோது நிலைமை மாறியது. சிறு பிள்ளைக்கு முதல் எழுத்தையோ ஒரு படத்தையோ குறிப்பாகத் தரலாம். பழகப் பழகக் குறிப்பைக் குறைக்கலாம்.

வீட்டில் இதற்குப் பாட அறிவு தேவையில்லை. கணிதமோ விஞ்ஞானமோ தெரியாத அம்மம்மாவும் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இண்டைக்கு என்ன படிச்சனீ, பாக்காமல் சொல்லு பாப்பம்' என்று கேட்கலாம். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுக்கவேண்டும். பிறகும் வராவிட்டால் கொப்பியைத் திறந்து காட்டவேண்டும். பிழைத்ததை இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்கவேண்டும். ரியூசனில் வினாத்தாள் செய்யும் மூத்த பிள்ளைகள், விடைத் தெரிவுகளை மறைத்துவிட்டு முதலில் தாமே விடையைச் சொல்லிப் பார்க்கலாம். புள்ளித்திட்டத்தை அதன் பிறகு பார்க்கலாம். தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, நன்னூல் சொன்ன அந்த அரைப்பங்கைத் தேடிக்கொள்கிறது.

சுன்னாகத்திலும் வலிகாமத்தின் பிற ஊர்களிலும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை நம்பி ஏற்கவேண்டாம். உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பாடத்தில், ஒரு தவணைக்கு, பாதி அலகுகளை வாராவாரம் புள்ளியில்லாத வினாக்களால் மீட்டுங்கள்; மீதிப் பாதியை வழக்கம்போல் மீண்டும் வாசிக்கச் செய்யுங்கள். அடுத்த தவணை தொடங்கும்போது இரண்டு பாதியிலிருந்தும் முன்னறிவிப்பின்றிக் கேளுங்கள். எந்தப் பாதி நின்றிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். எப்படிப் படிப்பது என்பதை அவர்கள் அதன்பின் தாமே தேர்ந்துகொள்வார்கள்.